ஒரு வாய், ஒரு வரி

எங்கள் தெருவில் என் மனைவிக்குக் கண்ணில் ஏதோ கோளாறு என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் இருவரும் ஒரு பையை எடுத்துக்கொண்டு பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறுவோம். முதல் தடவை எங்கே என்று கேட்ட பக்கத்து வீட்டு அக்காவிடம் வாயில் வந்ததைச் சொல்லிவைத்தேன். கண் டாக்டரைப் பார்க்கப் போகிறோம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கண் டாக்டர் உட்கார்ந்திருப்பார் என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் "கண்ணு தேவலையாம்மா?" என்று அவர் விசாரிப்பார். இவளும் கண்ணைக் கசக்கிக்கொண்டே "பரவால்லக்கா" என்பாள். உண்மையில் நாங்கள் போனது பியர் ருசி பார்க்க.

ஊரில் இதை வெளியே சொல்ல முடியாது. ஆண்பிள்ளை ஒருவன் பாண்டிக்குப் போகிறேன் என்றாலே கண்ணடித்துச் சிரிப்பார்கள். பெண்டாட்டியையும் அழைத்துக்கொண்டு போய், சின்னச் சின்னக் கண்ணாடித் தம்ளர்களில் நாலு வகை பியரை வரிசையாக வைத்து, மோந்து பார்த்து, ஒரு வாய் குடித்து, அதில் என்ன வாசனை வருகிறது என்று பேசிவிட்டு வருகிறோம் என்றால் பைத்தியம் என்பார்கள். அதில்கூட எனக்கு வருத்தம் இல்லை. எல்லாம் சரக்குதானே என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள், அதுதான் எனக்குப் பொறுக்காது. நான் முன்கோபக்காரன். சண்டை வரும். அதனால் கண் டாக்டரே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

விருத்தாசலத்தில் ஒரு செராமிக் யூனிட்டில் எனக்குச் சூளைப் பக்கம் மேற்பார்வை. இருபத்தாறு வருஷம் ஆகிறது. பீங்கான் பொம்மை, ஊறுகாய் ஜாடி, ஃபியூஸ் கட்டை, டீ கப் எதுவானாலும் கடைசியில் என் நெருப்புக்குள் போய்த்தான் வெளியே வர வேண்டும். எங்கள் சூளை டீசலில் எரிகிறது. காலையில் ஷெட்டுக்குள் நுழைந்த பத்து நிமிஷத்தில் அந்த நெடி எனக்குத் தெரியாமல் போய்விடும். வீட்டில் இருப்பவளுக்கு அப்படியில்லை. கல்யாணமான நாளிலிருந்து, சாயங்காலம் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து குரல் வரும். "டீசல் நாத்தம் கொடலப் புடுங்குது. அப்படியே பின்பக்கமா போயி குளிச்சிட்டு உள்ள வாங்க." மழை பெய்தாலும், வீட்டில் விருந்தாளி இருந்தாலும், எனக்கே காய்ச்சல் அடித்தாலும் அந்த வரவேற்பு தவறாது. வேலை செய்துவிட்டு வருகிற மனுஷனுக்கு ஒரு காப்பியைக் கொடுத்துவிட்டு அப்புறம் விரட்டினால் என்ன என்று நானும் பல தடவை கத்தியிருக்கிறேன்.

அவளுடைய மூக்கு அப்படிப்பட்டது. பெண்ணாடம் பக்கம் கரும்பு போடுகிற குடும்பம் அவளுடையது. ஆலையில் பாகு காயும் வாசனையை வைத்தே காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று சின்ன வயதில் சொல்லுவாளாம். அந்த மூக்குதான் எங்களைப் பியரில் கொண்டுபோய் விட்டது. எங்களுக்கு ஒரே மகன். அவன் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மதியம் எங்களைச் சாப்பிட அழைத்துப் போனான். அங்கேயே பியர் காய்ச்சி அங்கேயே ஊற்றுகிற இடம். மகன் முன்னால் குடிப்பதா என்று நான் நெளிந்துகொண்டிருந்தபோது, அவள் என் தம்ளரை இழுத்து மோந்து பார்த்தாள். "ஏங்க, இதுல எங்க ஊரு ஆலை வாசனை வருதே" என்றாள். ஊற்றிக் கொடுத்தவர் அசந்துபோனார். அன்றைக்குக் காய்ச்சியதில் வெல்லப் பாகு சேர்த்திருந்தார்களாம், அதை எங்கேயும் எழுதிக்கூட வைக்கவில்லையாம். மகன் அவனுடைய அம்மாவை அன்றுதான் முதல்முதலாகப் பார்ப்பவன் மாதிரி பார்த்தான். நானும்தான் பார்த்தேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகு, பாண்டிச்சேரியிலும் அப்படி ஓர் இடம் இருப்பதைத் தேடிக் கண்டுபிடித்தேன். பழைய வீடு, நடுவில் முற்றம், பின்கட்டில் ஆள் உயர எவர்சில்வர் தொட்டிகள். காய்ச்சுகிறவர் முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். புதிதாக ஒரு பியரைத் திறக்கும்போதெல்லாம் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போடுவார். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு இருபது இருபத்தைந்து பேர் கூடி ருசி பார்ப்போம். சிலர் குடிப்பதைவிடப் படம் எடுப்பதில் மும்முரமாக இருப்பார்கள், நுரை அடங்கி பியர் செத்தே போய்விடும். எனக்கும் ஒரு கிறுக்கு உண்டு. விருத்தாசலத்துக்காரன் கையில் எந்தப் பாத்திரம் வந்தாலும் நகத்தால் ஒரு சுண்டு சுண்டி, சத்தம் கணீரென்று வருகிறதா, எங்காவது விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்க்காமல் இருக்க மாட்டான். பியர் நிரம்பிய தம்ளரையும் சுண்டுவேன். "தட்டாதீங்க, நாமளா வாங்கப் போறோம்" என்று இவள் முழங்கையால் இடிப்பாள்.

எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. ஒரு பியருக்கு அவள் ஒரு வாய்தான் குடிப்பாள். குடித்துவிட்டு ஒரு வரி சொல்லுவாள். நான் அதை நோட்டில் எழுதுவேன். சூளையின் சூடு குறிக்க யூனிட்டில் வைத்திருக்கும் கோடு போட்ட நீள நோட்டு அது. மணி என்ற இடத்தில் தேதி, சூடு என்ற இடத்தில் பியரின் பெயர், குறிப்பு என்ற இடத்தில் அவள் சொன்ன வரி. மிச்சத்தை நான் குடிப்பேன். கோதுமை பியருக்கு அவள் சொன்னது: "பூவம்பழத் தாரு தொங்குற ரூமு. ஓரமா ஒரு கிராம்பு." கறுப்பு பியருக்கு: "காப்பிக்கொட்டைய வறுத்தவ ஒரு நிமிஷம் வெளிய போயிட்டா." கசப்பு தூக்கலான ஒன்றுக்கு: "ஆரஞ்சுத் தோல உரிக்கும்போது கண்ணுல தெறிக்குமே, அது." புளிப்பு பியர் ஒன்றுக்கு: "பொங்கல் கழிச்சு மூணாம் நாளு, கொல்லையில கெடக்குற கரும்புச் சக்கை." காய்ச்சுகிற பெண் அந்த நோட்டை வாங்கி வாங்கிப் படிப்பார். அந்த வரிகளில் இரண்டு மூன்றை அன்றைய பியர்களின் பெயர் எழுதும் பலகையிலேயே எழுதி வைத்தார்.

இதை விளையாட்டு என்று நினைத்துவிடக் கூடாது. மகன் பெங்களூருக்குப் போன பிறகு எங்கள் வீட்டில் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. கேஸ் தீர்ந்துவிட்டது, மோட்டார் போடுங்க, நாளைக்கு யார் வீட்டுக் கல்யாணம், இவ்வளவுதான். சண்டை கிடையாது. பேச எதுவும் இல்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் நெய்வேலியைத் தாண்டுவதற்குள் நாங்கள் ஒரு மாசத்துப் பேச்சைப் பேசியிருப்போம். திரும்பி வரும்போது என் தோளில் சாய்ந்து தூங்குவாள். அந்தப் பயணங்கள் நின்றுவிட்டால் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இரண்டு பேராகிவிடுவோம் என்று எனக்கு உள்ளுக்குள் பயம் இருந்தது. அதே பயம் அவளுக்கும் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

போன வருஷம் ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பத்து நாள் படுத்தாள், எழுந்தாள். மார்கழியிலேயே பாண்டிக்குப் போனோம், ஒரு வாய் குடித்தாள், ஒரு வரி சொன்னாள். எல்லாம் பழையபடிதான். ஒன்றே ஒன்று மாறியிருந்தது. சாயங்காலம் என்னை வாசலில் நிறுத்தித் திட்டுவது நின்றுபோனது. டீசல் சட்டையோடு நேராக உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தால் காப்பி வந்தது. வயதாக ஆக இவள் மனசு இளகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். "இருபத்தாறு வருஷம் கழிச்சு நம்ம வூட்ல நமக்கு மரியாதை வந்துருச்சுப்பா" என்று யூனிட்டில் பீற்றிக்கொண்டதும் உண்டு.

வைகாசியில் குழுவில் ஒரு செய்தி வந்தது. பண்ருட்டிப் பலாப்பழம் போட்டு ஒரு கோதுமை பியர், ஆனி மாசம் முதல் ஞாயிறு திறக்கிறோம் என்று. கூடவே காய்ச்சுகிற பெண் எனக்குத் தனியாகவும் எழுதியிருந்தார். முதல் வாய் அக்காதான் குடிக்க வேண்டும், எல்லோருக்கும் முன்னால் அவர்தான் முதல் வரியைச் சொல்ல வேண்டும். இவளிடம் காட்டினேன். "நானா? அவ்வளவு பேரு முன்னாடியா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கூச்சம் என்று நினைத்தேன்.

அவளுக்கு ஏதாவது செய்து கொடுக்க வேண்டும் போலிருந்தது. முன்பு ஒருமுறை அந்தப் பெண் பேச்சுவாக்கில் சொன்னது ஞாபகம் வந்தது. "வழவழன்னு இருக்குற கிளாஸுல நுரை சீக்கிரம் அடங்கிடும் சார். உள்ள கொஞ்சம் சொரசொரப்பு இருந்தா நுரை வந்துக்கிட்டே இருக்கும், வாசனையும் அதோட மேல ஏறும்." சொரசொரப்புக்கு எங்கள் யூனிட்டில் பஞ்சமா? முதல் சூட்டில் சுட்டு எடுத்த, மெருகு பூசாத பாத்திரத்தை நாங்கள் பிஸ்கட் என்போம். அதன் பதத்தைப் பார்க்க நாக்கு நுனியை அதில் வைப்போம். நாக்கைக் கவ்விப் பிடித்தால் மண்ணில் இன்னும் துளை இருக்கிறது, ஈரத்தை உறிஞ்சும் என்று அர்த்தம். எங்கள் யூனிட்டில் நாக்கு வைக்காத பிஸ்கட் கிடையாது. இரண்டு கப் எடுத்தேன். வெளிப்பக்கம் மட்டும் கரும்புச் சோகை நிறத்தில் மெருகு பூசி, உள்பக்கத்தைப் பிஸ்கட்டாகவே விட்டுச் சுட்டேன். உள்ளே நாக்கை வைத்தேன், நன்றாகக் கவ்வியது. அவளுடைய மூக்குக்கென்றே செய்தது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முன்கூட்டியே வீட்டுக்குக் கொண்டுபோனால் கண்டுபிடித்துவிடுவாள் என்று ஷெட்டிலேயே ஒளித்துவைத்தேன். டீசல் டிரம்முக்குப் பின்னால் ஒரு பலகை உண்டு, அங்கே யாரும் கை வைக்க மாட்டார்கள். எட்டு நாள் அங்கே இருந்தன. சனிக்கிழமை சாயங்காலம் பேப்பரில் சுற்றி வண்டிப் பெட்டியில் போட்டு எடுத்து வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பண்ருட்டிக்குள் நுழைந்தபோது சாலையோரம் முழுக்கப் பலாப்பழக் குவியல். எனக்கே அந்த மணம் மூக்கில் ஏறியது. எப்போதும் ஊர் வருவதற்கு முன்பே "பழம் இறங்கிடுச்சு" என்று சொல்பவள் அன்றைக்கு மடியில் நோட்டை விரித்துவைத்துப் புரட்டிக்கொண்டிருந்தாள். பயம் போலிருக்கிறது, பழைய வரிகளைப் பார்த்துத் தைரியம் வரவழைத்துக்கொள்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

முற்றத்தின் நடுவில் ஒரு பலாப்பழத்தை அறுத்து வைத்திருந்தார்கள். அந்த மணத்தில் வேறு எதுவும் யாருக்கும் எட்டாது. நான் பேப்பரைப் பிரித்துக் கப்புகளை நீட்டினேன். அவள் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எனக்கா செஞ்சீங்க?" என்றாள். முகம் சிவந்துவிட்டது. காய்ச்சுகிற பெண் முதலில் அவளுடைய கப்பிலும் பிறகு என்னுடையதிலும் ஊற்றினார். நுரை பொங்கி விளிம்பைத் தாண்டியது. எல்லோரும் இவளையே பார்த்தார்கள். மூக்கருகே கொண்டுபோனாள், கண்ணை மூடினாள், ஒரு வாய் குடித்தாள். "வேர்ப்பலா. அறுத்து அரை நாளு ஆயிருக்குது. ஓரமா ஒரு கிராம்பு" என்றாள். மற்றவர்களும் தங்கள் தம்ளர்களில் குடித்துப் பார்த்துவிட்டு, ஆமாம் ஆமாம் என்று கை தட்டினார்கள். பலகையில் அந்த வரியை எழுதினார் அந்தப் பெண்.

நான் என் கப்பை வாய்க்குக் கொண்டுபோனேன். டீசல். சுத்தமான டீசல். எட்டு நாளாக அந்த டிரம்மின் நெடியைக் குடித்து வைத்திருந்த பிஸ்கட் மண், ஈரம் பட்டதும் மொத்தத்தையும் கக்கிக்கொண்டிருந்தது. பலாவும் இல்லை, கிராம்பும் இல்லை. ஷெட்டுக்குள் எந்நேரமும் அந்த நாற்றத்தில் நிற்கிற என் மூக்குக்கு அங்கே தெரியவில்லை. கடற்காற்று அடிக்கும் ஊரில் நன்றாகவே தெரிந்தது. திரும்பி அவளைப் பார்த்தேன். அதே மாதிரிக் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு, கை தட்டியவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இவளா? வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தத்தோடு டீசலைக் கண்டுபிடித்தவளா?

அடுத்த வாய் குடிக்க அவள் கப்பை உயர்த்தியபோது சட்டென்று வாங்கி நானே குடித்துவிட்டேன். என்னுடையதையும் குடித்தேன். "என்னாங்க இது, என் பங்கையும் புடுங்கிட்டீங்க" என்றாள். "நல்லா இருக்குது, வுடு" என்றேன். தொண்டை எரிந்தது. கப்புகளைக் கடலில் வீசியிருப்பேன். அதற்குள் அவள் அவற்றைத் துடைத்து, முந்தானையில் சுற்றி எடுப்பது போல அவ்வளவு பத்திரமாகத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

திரும்பும் பஸ்ஸில் அவள் என் தோளில் தூங்கியதும் நோட்டை எடுத்தேன். மார்கழிக்குப் பிந்திய பக்கங்களையும் முந்திய பக்கங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கோதுமை என்றால் பூவம்பழமும் கிராம்பும். கறுப்பு என்றால் காப்பிக்கொட்டை. பழைய வரிகளில் சொற்களை இடம் மாற்றி மாற்றித் திரும்பச் சொல்லியிருந்தாள். நான் ஒவ்வொன்றையும் என் கையாலேயே இரண்டு தடவை எழுதியிருக்கிறேன், எனக்கு உறைக்கவேயில்லை. எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. ஆனால் அன்றைக்கு எழுப்பிக் கேட்கத் தைரியம் வரவில்லை. கேட்டால் ஏதோ ஒன்று முடிந்துபோகும் என்று பட்டது. அடுத்த நாளும் கேட்கவில்லை, அதற்கடுத்த நாளும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் பக்கத்து வீட்டு அக்கா கண் விசாரிக்க வந்தார். நல்ல வெயில். "ஒரு வாய் மோரு குடிச்சிட்டுப் போங்கக்கா" என்று உள்ளே போனவள், அந்தப் புதுக் கப்பில் மோரை ஊற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். "அவரே எனக்குன்னு செஞ்சதுக்கா" என்று வேறு நீட்டினாள். அக்கா கை நீட்டுவதற்குள் நான் பாய்ந்து பிடுங்கி, ஒரே மூச்சில் குடித்து முடித்தேன். டீசல் மோர். அக்கா வாயைப் பிளந்தார். "தாகம்க்கா" என்றேன். வீட்டு ஆம்பளைக்குக்கூட மோர் கொடுக்காமல் வைத்திருக்கிறாளா என்ற மாதிரி இவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் கிளம்பிப் போனார்.

"என்னா மனுஷன் நீங்க? வந்தவங்களுக்குக் குடுத்ததப் போயி..." என்று ஆரம்பித்தாள்.

"அந்தக் கப்புல டீசல் நாத்தம் அடிக்குது" என்றேன்.

அவள் கப்பை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தாள். ஒருமுறை, இரண்டு முறை. மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அன்னைக்குப் பாண்டியிலயும் அடிச்சுதா?"

"அடிச்சுது."

"அத்தன பேரு கை தட்டுனாங்களே."

"அவங்க கிளாஸுல அடிக்கல. நம்ம ரெண்டு கப்புலதான்."

"அதான் என்னுதையும் வாங்கிக் குடிச்சீங்களா?"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஐப்பசிக் காய்ச்சலிலிருந்து எதுவும் தெரியவில்லை என்றாள். ரசம் தாளிப்பது தெரியவில்லை, தலையில் வைத்த மல்லிப்பூ தெரியவில்லை. பால் தீய்ந்து புகை வந்த பிறகுதான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தாளாம். பாண்டிக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்பே நோட்டை எடுத்து, பரீட்சைக்குப் படிப்பது போலப் படித்தாளாம்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா என்னா பண்ணுவீங்க? சரி வுடு, இனிமே போவாணாம்னுவீங்க. அப்புறம் நீங்க டிவி, நான் அடுப்பு. வாசனையே தெரியாதவள அவ்வளவு தூரம் பஸ்ஸுல இட்டுக்கிட்டுப் போயி என்னா பண்ணுறது?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உன் மூக்கையா நான் கல்யாணம் பண்ணேன்?" என்று கத்தினேன். அவள் அழுதுகொண்டே நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "எட்டு மாசமா டீசல் நாத்தத்தோட உள்ள வந்து உக்காந்தீங்களே. இவ ஏன் நம்மளத் திட்டலன்னு ஒருநாளாவது கேட்டீங்களா?"

யூனிட்டில் நான் பீற்றிக்கொண்டது நினைவுக்கு வந்து கூசியது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பெண்டாட்டி வாயால் ஒரு வரி வாங்கி எழுதத் தெரிந்தவனுக்கு, அவள் வாயைத் திறக்காததைக் கவனிக்கத் தெரியவில்லை. அதை அப்படியே அவளிடம் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு அதற்குமேல் கேட்கத் தெரியாது.

அந்த வாரமே கடலூரில் மூக்கு டாக்டரிடம் போனோம். பக்கத்து வீட்டு அக்காவிடம் முதல்முறையாக உண்மையைச் சொன்னேன். "கண்ணு போயி இப்ப மூக்கா? யாரு கண்ணு பட்டுச்சோ" என்று அங்கலாய்த்தார். டாக்டர் உறுதியாக எதுவும் சொல்லவில்லை. வரலாம், வராமலும் போகலாம். தினம் காலையிலும் சாயங்காலமும் நாலு வாசனையை மாற்றி மாற்றி மோந்து பார்க்கச் சொல்லுங்கள், அவசரப்படாதீர்கள் என்றார். நான் யூனிட்டில் மூடி போட்ட நாலு குட்டி ஜாடி எடுத்தேன். இந்தத் தடவை உள்ளேயும் வெளியேயும் மெருகு பூசி, சுட்ட அன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஒன்றில் கிராம்பு, ஒன்றில் காப்பித்தூள், ஒன்றில் வெல்லம், ஒன்றில் ஆரஞ்சுத் தோல். காலையில் வேலைக்குக் கிளம்புமுன் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து நீட்டுவேன். கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்ப்பாள். "ஒன்னுமில்ல" என்பாள். அடுத்தது. "ஒன்னுமில்ல." நாலு முறை ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுச் சில நாள் சிரிப்பாள், சில நாள் எழுந்து போய்விடுவாள். ஒருநாள் வெல்ல ஜாடியைத் தள்ளிவிட்டாள். உடையவில்லை. நம்முடைய வேலை அப்படி என்று சொன்னேன், அதற்கும் திட்டு வாங்கினேன்.

பாண்டிக்குப் போவதை நிறுத்தவில்லை. வர மாட்டேன் என்றவளை நான்தான் சண்டை போட்டு அழைத்துப் போனேன். போனதும் அவளே அந்தப் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னாள். பலாப்பழ வரியைப் பலகையிலிருந்து அழிக்கச் சொன்னாள். அந்தப் பெண் அழிக்கவில்லை. "பழம் அறுத்து அரை நாளு ஆனது நிஜம்தான்க்கா" என்றார். அதை அறுத்துவைத்த பழத்தின் சுளையைப் பார்த்துத்தான் சொன்னேன் என்று இவள் ஒப்புக்கொண்டாள். கண் நன்றாகத்தான் வேலை செய்கிறது.

இப்போது ஏற்பாடு மாறிவிட்டது. வாய் என்னுடையது, வரியும் என்னுடையது, எழுதுவது அவள். எனக்கு என்ன தெரியும்? கோதுமை பியரைக் குடித்துவிட்டு "ஈரக் களிமண்" என்றேன். கறுப்பு பியருக்கு "சூளை ஆறின மறுநாளு உள்ள போனா வர்ற வாசனை" என்றேன். புளிப்பு பியருக்கு எதுவும் தோன்றாமல் "மழையில நனஞ்ச சாக்கு" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எல்லாவற்றையும் எழுதிவிட்டு, சாக்குக்குப் பக்கத்தில் மட்டும் 'பொய்' என்று எழுதி அடிக்கோடு போட்டாள். பஸ்ஸில் நெய்வேலி தாண்டும்வரை அந்தச் சாக்கைப் பற்றியே பேசினோம். ஒன்றும் முடிந்துபோகவில்லை. பயந்ததற்கு இருவரும் ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டோம். ஆனாலும் சில சமயம் என் தம்ளரை எடுத்து மூக்கருகே வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள்.

ஆடி போனது, ஆவணி போனது. புரட்டாசியில் ஒருநாள் சூளையில் பர்னர் அடைத்துக்கொண்டு, அதைக் கழற்றி மாட்டுவதற்குள் என் சட்டை முழுக்க டீசல் ஆகிவிட்டது. ஐந்தரை மணிக்கு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திச் செருப்பைக் கழற்றினேன். அவள் கையில் மாவோடு வாசலுக்கு வந்தாள்.

"நில்லுங்க, அங்கியே நில்லுங்க. டீசல் நாத்தம் கொடலப் புடுங்குது. பின்பக்கமா போயி..."

பாதியில் நிறுத்திவிட்டாள். நான் ஒரு காலில் செருப்போடு நின்றேன். அவள் வாசற்படி இறங்கி வந்தாள். தெரு என்றும் பார்க்கவில்லை, கையில் மாவு என்றும் பார்க்கவில்லை. என் தோளில் மூக்கை வைத்து மூச்சை இழுத்தாள். விட்டாள். மறுபடியும் இழுத்தாள். "டீசலு" என்றாள்.

பக்கத்து வீட்டு அக்கா கோலப்பொடி டப்பாவோடு வெளியே வந்தவர் எங்களைப் பார்த்துவிட்டு நின்றார். என் முகத்தைப் பார்த்தார். "என்னா தம்பி, இப்ப உங்களுக்கும் கண்ணா?" என்றார்.

"ஆமாக்கா" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, குளிப்பதற்காகப் பின்பக்கம் திரும்பினேன். அவள் மாவுக் கையாலேயே என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இருங்க. இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சுக் குளிக்கலாம்."